வானுக்குக் கீழே நிற்கும் மீன்கள்

"மீனுக்குப் பாதை கட்டிக் குடுத்தால் எங்கட வேலை முடிஞ்சுது. ஏறுறதும் ஏறாததும் மீனின்ர பாடு." நீர்ப்பாசன வேலைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த நண்பர் ஒருவர் இதைச் சொல்லிக் கன நாளாகிறது. அவர் அக்கறையில்லாத மனிதர் இல்லை. குளக்கட்டு உடைப்பெடுத்த இரவுகளில் மண்மூட்டை சுமந்தவர். ஒரு குளத்தின் வானை, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் இடத்தை, புதுப்பிக்கும் வேலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மீன் ஏறவும் பக்கத்தில் ஏதாவது செய்யலாமே என்று கேட்டேன். செய்யலாம், நாலு தொட்டியைப் படிபடியாகக் கட்டிவிடலாம், செலவும் பெரிதாக வராது என்றார். அப்புறம்தான் அந்த வசனம் வந்தது. பேச்சு உடனே சீமெந்து விலைக்குத் தாவிவிட்டது. எனக்கோ அது மனதில் தங்கிவிட்டது. கட்டிய பாதையில் மீன் ஏறுகிறதா என்று பார்ப்பது யாருடைய வேலை? பார்ப்பதென்றால், எங்கே நின்று பார்ப்பது?

இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோன ஓர் இடம் அமெரிக்காவில் இருக்கிறது. மொன்டானா மாநிலத்தின் கிழக்கே, யெலோஸ்டோன் ஆற்றில், இன்டேக் என்ற ஊரில் உள்ள அணை அது. மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதில்லை. அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துக் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீர் திருப்புகிறோமே, அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது: ஆற்றைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குள் தள்ளுகிறது. 1905இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். ஏறத்தாழ 58,000 ஏக்கர் நிலம் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிறது. ஆகவே அணையை உடை என்று ஒரு பக்கமும் உடைக்காதே என்று மறு பக்கமும் நின்றபோது, இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கமக்காரக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆற்றில் வெளிர் ஸ்டர்ஜன் என்றொரு மீன் உண்டு. ஆற்றின் அடியோடு நீந்தும், நீண்ட மூக்கும் மீசையும் கொண்ட, ஆளுயரத்துக்கு வளரக்கூடிய மீன். ஐம்பது அறுபது வருடம் வாழும். பெண்மீன் முட்டையிடத் தயாராகவே பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகும். பிறகும் ஒவ்வொரு வருடமும் முட்டையிடாது. 1990இல் அதை அழிந்துவரும் இனமாக அமெரிக்கச் சட்டம் அறிவித்தது. யெலோஸ்டோன் போய்ச் சேரும் மிசூரி ஆற்றின் மேல் படுகையில், இயற்கையாகப் பிறந்து எஞ்சியிருக்கும் பெரிய மீன்கள் ஏறத்தாழ 125தான் என்று கணித்திருக்கிறார்கள். இவை எல்லாம் கிழட்டு மீன்கள். பல பத்தாண்டுகளாகக் குஞ்சு தப்பி வளரவில்லை. குஞ்சு பொரித்தவுடன் ஒரு வாரத்துக்கு மேல் ஆற்றோடு மிதந்து போகும். அப்படி மிதக்க நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடும் ஆறு வேண்டும். அந்தத் தூரம் இல்லாவிட்டால், கீழே உள்ள நீர்த்தேக்கத்தின் அடியில் ஒட்சிசன் இல்லாத சேற்றுத் தண்ணீருக்குள் போய்ச் செத்துவிடும். தாய்மீன் எவ்வளவு மேலே போய் முட்டையிடுகிறதோ அவ்வளவுக்குக் குஞ்சு பிழைக்கும். ஆனால் மேலே போக விடாமல் இன்டேக் அணை குறுக்கே நின்றது.

கடைசியில் அணையைச் சுற்றி 3.4 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். 2022இல் திறந்தார்கள். படியும் தொட்டியும் இல்லை. சிறு ஆறு ஒன்று வளைந்து ஓடுவதாகவே அமைத்தார்கள். ஆற்று நீரில் 13 முதல் 15 வீதம் வரை அதற்குள் ஓட வேண்டும் என்பது திட்டம். சால்மன் மாதிரித் துள்ளி ஏறும் மீனுக்குத்தான் படி உதவும். அடியோடு ஊர்ந்து போகும் ஸ்டர்ஜனுக்குப் படி இன்னொரு அணைதான். இது எல்லாம் பொறியியல், நண்பருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த விஷயம். கால்வாய் வேலை செய்கிறது என்று எப்போது ஒப்புக்கொள்வது என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதி வைத்தார்கள். மேலே போக எண்ணி அணைவரை வந்த பெரிய ஸ்டர்ஜன்களில் 85 வீதமாவது அதைத் தாண்ட வேண்டும். இத்தனை மீன் மேலே போனது என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. வந்தவை எத்தனை, அவற்றில் போனவை எத்தனை என்று சொல்ல வேண்டும். கால்வாய் வழியே ஸ்டர்ஜன்கள் மேலே போனது பதிவாகித்தான் இருக்கிறது. ஆனால் மேலே போனவற்றைப் பற்றிய செய்தியைவிட, போகாமல் திரும்பியவற்றைக் கணக்கில் எடுத்த அந்த நிபந்தனைதான் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கீழே நின்று எண்ணுவது

பாதையின் மேல் வாசலில் நின்று எண்ணினால் வென்ற மீன்களை மட்டுமே காண்போம். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் உள்ள பொனவில் அணையில் 1938இலிருந்து மீன் எண்ணுகிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆளை உட்காரவைத்து எண்ணும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அந்தக் கணக்கு மிகவும் பயனுள்ளது. ஆனால் கண்ணாடியைத் தாண்டிய மீனைத்தான் அது சொல்லும். வாசலையே காணாமல் அணையடியில் அலைந்த மீன் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒருநாளும் வராது.

கீழே இருந்து எண்ணுவதற்கு மீனை அடையாளம் வைக்க வேண்டும். இரண்டு வழி உண்டு. ஒன்று, மீனின் வயிற்றுக்குள் பற்றரியோடு சிறு ரேடியோக் கருவி வைத்துவிடுவது. படகிலோ கரையிலோ அன்டெனாவோடு போய் அது எங்கே நிற்கிறது என்று தேடலாம். மற்றது, நெல்மணியைவிடச் சற்றே நீளமான கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் சிப். அதற்குப் பற்றரி கிடையாது. ஊசியால் உடம்புக்குள் ஏற்றிவிட்டால் மீன் இருக்கும்வரை இருக்கும். தண்ணீருக்குள் போட்ட கம்பி வளையத்தைக் கடக்கும்போது வளையம் அதன் இலக்கத்தை வாசித்துக்கொள்ளும். பாதையின் அடிவாசலில் ஒரு வளையம், மேல்வாசலில் ஒரு வளையம். அடியில் பதிந்து மேலே பதியாத மீன் நடுவில் களைத்துத் திரும்பியிருக்கலாம். மேலே பதிந்த மீன் எல்லாம் அடியைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும். அவற்றில் எத்தனையை அடி வளையம் தவறவிட்டது என்று பார்த்தால் கருவியின் குறையும் தெரிந்துவிடும். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தன் கண்ணில் படாமல் போனவை எத்தனை என்று தன்னையே சோதிக்கும் கணக்கு அது.

இப்படிக் கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தின் பாக் மூன் அணை இருக்கிறது. 1994இல் முடிந்தது, மீன்படியும் வைத்தார்கள். அணைக்கு முன் அந்த ஆற்றுப் படுகையில் 265 வகை மீன் பதிவாகியிருந்தது. பிறகு அணைக்கு மேலே கண்டது 96 வகை. படி இருந்தது, மீன்தான் ஏறவில்லை. மீன்பிடிக் குடும்பங்கள் வருடக்கணக்காக அணையடியில் குந்தியிருந்து போராடி, 2001இல் ஒரு வருடத்துக்குக் கதவுகளைத் திறக்கவைத்தார்கள். அந்த மக்கள் அறிக்கை எதையும் வாசித்துப் போராட வரவில்லை. வலை வெறுமையாக வந்ததால் வந்தார்கள்.

மூக்குத் தேய்ந்தவை

இரணைமடுக் குளத்தின் வான் கதவு திறக்கும் நாட்களில் கிளிநொச்சியில் பாதிப்பேர் அங்கேதான் நிற்பார்கள். தண்ணீர் விழுவதைப் பார்க்க, படம் எடுக்க, கச்சான் கொறிக்க. கொஞ்சம் கீழே, சத்தமும் தூவானமும் இருக்கும் இடத்தில், சிலர் வீச்சு வலையோடு நிற்பார்கள். நிற்கக்கூடாது என்று விரட்டுவதும் உண்டு. அது நியாயம்தான், கதவு இன்னும் ஓரடி திறந்தால் ஆள் மிஞ்சமாட்டார். ஒரு மாரி மாலை, நிலம் ஊறி, மேகம் இன்னும் கலையாமல் இருந்த நேரம், அங்கே ஒரு பெரியவரோடு பேசக் கிடைத்தது. அந்தக் குளத்தை நம்பியே வாழ்ந்தவர். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து முதல் வேலையாக வலை வாங்கினவர்.

பிடித்த மீனை அவர் கரையில் இரண்டு குவியலாகப் போட்டுக்கொண்டிருந்தார். வகை பிரிக்கிறார் என்று பார்த்தால் இரண்டிலும் கெண்டை, இரண்டிலும் கெளிறு. சிறிது பெரிது என்றும் இல்லை. என்ன கணக்கு ஐயா என்று கேட்டேன். ஒரு கெண்டையைத் தூக்கிக் காட்டினார். "மூக்கைப் பாருங்கோ பிள்ளை. இது இண்டைக்கு வந்தது, சுத்தமாக் கிடக்கு." மற்றக் குவியலில் ஒன்றை எடுத்தார். அதன் மூக்கு முனை தேய்ந்து, தோல் வெளிறி, ஓரத்தில் சிவந்து கிடந்தது. "இது வந்து மூண்டு நாலு நாளாகுது. கொங்கிறீட்டில இடிச்சு இடிச்சுத் தேய்ஞ்சது. இது விலைப்படாது, வீட்டுக் கறிக்கு." அவருக்கு அது சந்தைக் கணக்கு. எனக்கு அந்த இடத்தில் எல்லாம் தெளிந்தது. மொன்டானாவில் ரேடியோக் கருவி வைத்துத் தேடுவது இதைத்தான். எந்த மீன் வந்தது, எத்தனை நாள் நின்றது, ஏன் போகவில்லை. விடை அந்த இரண்டு குவியலாகக் கரையில் கிடந்தது.

பக்கத்தில் ஒரு பாதை வைத்தால் போகாதா என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வலையை உதறி, மடித்து, தோளில் போட்டுக்கொண்டுதான் சொன்னார். "எங்க வைப்பியள்? அவை தண்ணி இழுக்கிற இடத்துக்குத்தான் வருங்கள். அங்கால நூறு யார் தூரம் தள்ளி வாசல் வைச்சியளெண்டால் காணாதுகள். வானடியில மூக்கு முட்டி நிக்கிற இடத்திலதான் வாசல் இருக்கோணும்." மீன்பாதை பற்றிப் படித்த எவரும் முதலில் சொல்வதும் இதுவே. பாதைக்குள் ஓடும் நீரின் இழுப்பு அணையில் விழும் நீரின் இழுப்போடு போட்டி போட வேண்டும். வாசல் மீன் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். யெலோஸ்டோனில் புதுக் கால்வாய்க்கு முன்பும் வெள்ளக் காலத்தில் ஓடும் ஒரு பழைய கிளை இருந்தது. 2014இல் சில ஸ்டர்ஜன்கள் அதன் வழியே அணையைச் சுற்றி மேலே போனது உறுதியானது. மிகச் சிலவே. அந்தக் கிளையின் வாய் அணைக்கு வெகு கீழே இருந்தது. நேரே வந்த மீன் அதைத் தாண்டி வந்து அணையில் முட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வானுக்குக் கீழே நிற்பவை எல்லாம் ஆற்றிலிருந்து ஏறி வந்தவை இல்லை. குளத்தில் விட்ட கட்லாவும் ரோகுவும் வான் பாயும்போது அடித்துக்கொண்டு கீழே வந்துவிடும். அவையும் திரும்பிப் போகப் பார்க்கும். ஆகவே கீழே பத்து மீன் கண்டால் பத்தும் பாதை கேட்கிறது என்று எழுதிவிட முடியாது. மாரிக்கு முன் குளத்துக்குள் கொஞ்ச மீனுக்கு அடையாளம் வைத்துவிட்டால், கீழே வலையில் விழுவதில் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கலாம். மீன்பிடிச் சங்கங்கள் குஞ்சு விடும் நாளிலேயே செய்யக்கூடிய வேலை அது.

குளத்தில் விலாங்கு இருக்கிறதே

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் விலாங்கைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். "குளத்துக்குள்ள விலாங்கு பிடிபடுது. அது கடலில பிறக்கிறது எண்டு நீங்கள்தானே சொல்லுறியள். அப்ப ஏறியிருக்குதானே?" நல்ல கேள்வி. விலாங்கு நன்னீரில் முட்டையிடுவதே இல்லை. நம் குளத்தில் பிடிபடும் ஒவ்வொரு விலாங்கும் இந்து சமுத்திரத்தில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாக முகத்துவாரத்தைக் கண்டுபிடித்து, ஆற்றோடு ஏறி வந்தது. இரணைமடுவை நிரப்பும் கனகராயன் ஆறு சுண்டிக்குளத்தில் களப்போடு சேர்கிறது. மாரியில் கடல்வாய் திறந்தால் உள்ளே வரலாம். இலங்கையில் இருக்கும் இரண்டு விலாங்கு இனங்களும் இன்னும் அழிவின் விளிம்புக்குப் போகவில்லை, ஆனால் அச்சுறுத்தலை நெருங்குபவை என்ற பட்டியலில் இருக்கின்றன. ஐரோப்பிய விலாங்கு எப்போதோ விளிம்புக்குப் போய்விட்டது. யப்பான் விலாங்கை 2014இல் அழிந்துவரும் இனம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் ஸ்டர்ஜனைப் படித்த பிறகு அவருடைய கேள்விக்கு எனக்கு வேறு பதில் கிடைத்தது. யெலோஸ்டோனிலும் பெரிய மீன் இருந்தது. பார்த்தவர்கள் மீன் இருக்கிறது என்றார்கள். குஞ்சு இல்லை என்பது தெரிய வருவதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. விலாங்கும் கன வருடம் வாழும். கையளவு தடித்த விலாங்கு ஒன்று குளத்தில் பிடிபட்டால், அது எப்போதோ ஏறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். 1920இல் கட்டி முடித்த இரணைமடுவைப் பல தடவை உயர்த்தியிருக்கிறோம். கடைசியாக உயர்த்திய பிறகும் ஏறுகிறதா என்பதை அந்தத் தடித்த விலாங்கு சொல்லாது. குளத்துக்குள் விரல் நீள விலாங்கு இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரியவரிடமும் கேட்டேன். சின்ன விலாங்கை முன்பு வாய்க்காலில் நிறையக் கண்டதாகச் சொன்னார். இப்போது? அவர் தோளைக் குலுக்கினார். அதை வைத்து ஒரு முடிவுக்கு வர நான் துணியவில்லை. யாரும் தேடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

புல் வானும் கொங்கிறீட் வானும்

பெரிய குளங்களைவிட என்னை வருத்துவது சின்னக் குளங்கள். வன்னியில் குளங்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றின் வான் அடுத்ததன் வரத்து. பழைய சிறு குளங்கள் பலவற்றின் வான் வெறும் மண்ணும் புல்லும். கட்டின் ஓரத்தில் நிலம் தாழ்ந்த இடத்தால் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பரந்து, புல்லைச் சாய்த்துக்கொண்டு போகும். ஐப்பசி கார்த்திகையில் முதல் வெள்ளம் வரும் இரவில் விராலும் குறவையும் பனையேறியும் அந்தப் புல்லுக்குள்ளால் நெளிந்து மேலே வருவதை ஊரில் வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். கரப்போடும் அத்தாங்கோடும் ஓடியிருப்போம். மொன்டானாவில் பெருஞ்செலவு செய்து வெட்டிய சரிவும் வளைவும் நம்மிடம் எந்தத் திட்டமும் இல்லாமலே இருந்தன. திருத்த வேலை வரும்போது அந்த வானைக் கொங்கிறீட்டால் நேர்சுவராக எழுப்பிவிடுகிறோம். வெள்ளத்துக்கு அது தேவை, கட்டு உடைந்தால் கீழே வயலும் வீடும் போய்விடும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட எவரும் இதில் விளையாடச் சொல்லமாட்டார்கள். ஆனால் சுவரின் ஒரு ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குக் கல் பதித்த சரிவு விட்டால் கட்டுக்கு ஒன்றும் ஆகாது. விலாங்குக் குஞ்சுக்கு அதுகூட வேண்டாம். அது நனைந்த சொரசொரப்பான சுவரில் ஊர்ந்தே ஏறும். தூரிகை நார் பதித்த ஈரச் சாய்வுகளை ஐரோப்பாவில் அதற்கென்றே வைக்கிறார்கள். நியூசிலாந்தில் மதகுகளில் நார்க்கயிறு தொங்கவிட்டு ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். தும்புக் கயிற்றுக்கு நமக்குப் பஞ்சம் இல்லை.

எல்லா இடத்திலும் பாதை திறப்பது நல்லதென்றும் சொல்லமாட்டேன். தெதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் 2025இல் வெளிநாட்டு இராட்சத விரால் பெருகியதைப் பார்த்தோம். மீனுக்குத் திறந்த வாசலால் வேண்டாத மீனும் வரும். எந்தக் குளத்துக்கு எது, எந்த இனத்துக்காக என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கட்ட வேண்டும். சொல்லிவிட்டால், அந்த இனம் ஏறியதா என்று கேட்கவும் முடியும்.

கேட்பதற்கான நேரம்தான் நம் ஊரில் பெரிய சிக்கல். ஆய்வுக்கு வருபவர்கள் வீதி காய்ந்த ஆடி ஆவணியில் வருகிறார்கள். அப்போது வானடியில் ஆடு மேய்கிறது. மீன் ஏறுவது சில இரவுகளில், அதுவும் மின்னி இடித்து வீதி மூடிக்கிடக்கும் இரவுகளில். அந்த இரவில் அங்கே நிற்பவர்கள் குளத்து மீனவர்கள் மட்டுமே. ஆகவே எண்ணும் வேலையை அவர்களிடம் கூலி கொடுத்து ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர்களிடம் கருத்துக் கேட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டுப் போவதோடு இது முடியக்கூடாது. சங்கத்துக்கு ஓர் அளவுப் பலகை, ஒரு கொப்பி, நல்ல லைட். வான் பாயும் இரவில் ஒரே நேரம் வானுக்கு மேலும் கீழும் ஒரே கண் அளவுள்ள வலை. வகை, நீளம், மூக்கு தேய்ந்ததா இல்லையா. விலாங்கு என்றால் எத்தனை அங்குலம். திருத்த வேலைக்கு முந்திய மாரியில் ஒரு தடவை, பிந்திய மாரிகளில் திரும்பத் திரும்ப. முந்திய கணக்கு இல்லாவிட்டால் பிந்தியதை எதோடும் ஒப்பிட முடியாது என்பதால் அதைத்தான் முதலில் தொடங்க வேண்டும். வேலைக்கான மதிப்பீடு போடும்போதே, சீமெந்துக்கும் கல்லுக்கும் அடுத்த வரியில் இந்தக் கூலியையும் எழுதினால், புதுப்பிக்கக் காத்திருக்கும் அந்தக் குளத்திலேயே வரும் கார்த்திகையில் தொடங்கிவிடலாம்.